மான் வேட்டைக்கு முன் தடம் பார்க்க டிரெயில் கேமரா: வைக்கலாமா, வேண்டாமா?

காட்டுவாசல் | ஜூலை 12

வணக்கம். விஸ்கான்சினின் தென்மேற்குப் பக்கம் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறேன். இது எனக்கு இரண்டாவது பருவம். போன நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் முழுக்கப் பொதுநிலத்தில் ஒரு பரணில் உட்கார்ந்து விறைத்ததுதான் மிச்சம். பார்த்தது ஒரு பெட்டை, இரண்டு குட்டி. அதுவும் எட்டாத தூரத்தில்.

இந்த வருடம் ஒரு விவசாயி தன்னுடைய 80 ஏக்கரில் வேட்டையாட அனுமதி தந்திருக்கிறார். மேட்டில் மக்காச்சோளம், சரிவு முழுக்க ஓக் மரம், அடியில் ஒரு ஓடை. வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. அதற்குள் மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, எந்த வழியாகப் போய் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு டிரெயில் கேமரா, அதாவது மரத்தில் கட்டிவிட்டால் மிருகம் முன்னால் வரும்போது தானே படம் எடுக்கும் கேமரா, வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

கூட வேலை செய்யும் நண்பர், "நாலு செல்லுலார் கேமராவை மாட்டிவிட்டு வா, படம் ஃபோனுக்கே வந்துவிடும்" என்கிறார். எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்த பெரியவரோ, "கேமரா வாங்கினால் நீ காட்டைப் பார்க்க மாட்டாய், ஃபோனைத்தான் பார்ப்பாய்" என்கிறார். இரண்டு பேருமே வருடா வருடம் மான் அடிக்கிறவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

மட்டுறுத்துநர் | ஜூலை 12

இழை நீளும்போலத் தெரிகிறது, அதனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை. இங்கே பேசுவது அமெரிக்க மாநிலங்களில் உரிமம் எடுத்து, பருவத்துக்குள் செய்யும் வேட்டை மட்டும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அந்தப் பக்கத்து வீரக்கதைகளை இங்கே இறக்கினால் நீக்கிவிடுவேன். சரி, பேசுங்கள்.

எண்கணக்கு | ஜூலை 12

வைங்க. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒஹாயோவில் என்னிடம் 11 கேமரா இருக்கிறது. வேலை, பிள்ளைகள் என்று வாரத்தில் ஒரு நாள் காட்டுக்குப் போனாலே பெரிது. மீதி ஆறு நாள் அங்கே என்ன நடந்தது என்று எனக்கு யார் சொல்வது?

ஆனால் படம் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பகல் வெளிச்சத்தில் விழும் ஒவ்வொரு கிடாவையும் நான் ஒரு விரிதாளில் எழுதி வைக்கிறேன்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், வெப்பநிலை எவ்வளவு. ஒரு கிடா இருந்தது. இடது கொம்பில் ஒரு கிளை கீழே தொங்கும், அதனால் எந்தப் படத்திலும் அடையாளம் தப்பாது. இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு தாழ்வு இருக்கிறது, அங்கே அது முதல் வருடம் நவம்பர் 4, அடுத்த வருடம் நவம்பர் 6 என்று பகலில் விழுந்தது. வருடத்தின் மற்ற நாட்களில் ஒரு படம்கூடக் கிடையாது. மூன்றாம் வருடம் நவம்பர் 3-லிருந்து விடுப்புப் போட்டு அங்கே உட்கார்ந்தேன். 5-ஆம் தேதி காலை வந்தது. அந்தத் தேதியை எந்தக் குளம்புத் தடம் எனக்குச் சொல்லியிருக்கும்?

இனச்சேர்க்கைப் பருவத்தைத் தீர்மானிப்பது பகல் நீளம். குளிர் முன்பின் வந்தாலும் வடக்கு மாநிலங்களில் அது நவம்பர் முதல் பாதியை விட்டு அதிகம் நகராது. அதனால்தான் போன வருடத்துப் படம் இந்த வருடத்துக்கும் உதவுகிறது.

பழைய வில்லாளி | ஜூலை 13

தம்பி காட்டுவாசல், உங்கள் பெரியவர் சொன்னதில் பாதிதான் என் கருத்து. மீதிப் பாதியை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மிச்சிகனில் 1989-லிருந்து வில்லோடு திரிகிறேன். நடுவில் ஒரு இரண்டு வருடம் எனக்கும் கேமரா ஆசை வந்தது. அப்போது எஸ்டி கார்டு வகைதான். ஞாயிறு தவறாமல் போய்க் கார்டை மாற்றுவேன், பிள்ளைகள் தேர்வு முடிவு பார்க்க ஓடுவதுபோல. முதல் ஞாயிறு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கிடா, பட்டப்பகலில் ஆறு படம். இரண்டாம் ஞாயிறு அதே கிடா, சாயங்கால மங்கலில். நாலாம் ஞாயிறு எல்லாமே ராத்திரி இரண்டு மணிப் படங்கள். ஆறாம் ஞாயிறு ஒரு ரக்கூன். நான் அதன் நடமாட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், அது என் ஞாயிற்றுக்கிழமையைப் படித்துக்கொண்டிருந்தது!

மானுக்கு மூக்குதான் எல்லாம். நீங்கள் பட்டையை மரத்தில் கட்டி, மூடியைத் திறந்து, கார்டை உருவி, வியர்வைக் கையால் செடியை ஒதுக்கிவிட்டு வரும் பத்து நிமிடம் அதற்கு ஒரு முழுச் செய்தித்தாள். அப்புறம் அந்த வழியைப் பகலில் விட்டுவிடும்.

கேமரா இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நடக்க வேண்டும். பனி உருகி, புல் முளைக்காத மார்ச் மாதம்தான் அதற்குச் சரியான காலம், போன இலையுதிர்காலத்துப் பாதை எல்லாம் தரையில் கோடு போட்டமாதிரி கிடக்கும். ஜூலையில் பச்சை மூடிக்கிடக்கிறது, இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். கிடா கொம்பு தேய்த்த மரத்தைப் பாருங்கள். பட்டை உரிந்த பக்கம் எது? பெரும்பாலும் அது வந்த பக்கம் அதுதான். ஐந்தாறு மரங்களில் உரிந்த பக்கம் ஒரே திசையைப் பார்த்திருந்தால் அது காலையில் போகும் வழியா, மாலையில் வரும் வழியா என்று ஊகித்துவிடலாம். சரிவில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி, காற்றுக்கு மறைவான பக்கம் பாருங்கள். இலை அமுங்கி நீள்வட்டமாக ஒரு பள்ளம், பக்கத்தில் புழுக்கை, நாலு வெள்ளை மயிர். மான் படுக்கும் இடம் அதுதான். முதுகுக்குப் பின்னால் வருவதைக் காற்று சொல்லிவிடும், கீழே வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும். அங்கே ஒரு தடவை குந்திப் பாருங்கள். அந்த மான் உங்களை எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தது என்று புரியும். எனக்கு அப்படிப் புரிந்த அன்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

ராத்திரிப்பூச்சி | ஜூலை 13

என் அனுபவத்தையும் போட்டுவைக்கிறேன். ஒரே வாரம், 4,312 படம். அதில் 4,290 ஒரு பெரணிச் செடி. மீதி 22-இல் ரக்கூன் 15, அணில் 6, நான் 1. நான் இவ்வளவு கூன் போட்டு நடக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மீனாட்சி வனம் | ஜூலை 14

பூச்சி, உங்கள் பெரணி மேல் மதியத்தில் வெயில் விழுந்திருக்கும். கேமராவுக்குள் இருப்பது வெப்ப வேறுபாடு நகர்வதைப் பிடிக்கும் உணரி. வெயிலில் சூடான இலை குளிர்ந்த நிழலுக்கு முன்னால் ஆடினால் அதற்கு அதுவும் ஒரு பிராணிதான். கேமராவை வடக்குப் பார்த்து வையுங்கள், முன்னால் இருக்கும் இலை தழையை ஒடித்துவிடுங்கள். பாதி குப்பைப் படம் குறைந்துவிடும். கிழக்கோ மேற்கோ பார்த்தால் மான் அதிகம் நடக்கும் நேரத்தில் சூரியன் நேராக லென்ஸில் அடிக்கும், படம் வெளுத்துப்போகும்.

நான் பென்சில்வேனியாவில் வனவிலங்கு உயிரியல் படித்தவள், வேட்டைக்கும் போகிறேன். கேமராவை எதற்கு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாரும் குழம்புகிறோம் என்று தோன்றுகிறது. இந்தப் பகுதியில் என்னென்ன மான் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தக் கிடா செவ்வாய்க்கிழமை மாலை எங்கே வரும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கேமரா நன்றாகப் பதில் சொல்லும். ஹாரி ஜேக்கப்சனும் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இதற்கு ஒரு முறையே இருக்கிறது: தீனி போட்ட இடங்களில் கேமரா வைப்பார்கள், கிடாக்களைக் கொம்பை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் பிரிப்பார்கள், அதே படங்களில் விழுந்த பெட்டைகளின் விகிதத்தை வைத்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுவார்கள். 100 ஏக்கருக்கு ஒரு கேமரா, 10 முதல் 14 நாள் என்பது இன்று பலரும் பின்பற்றும் கணக்கு. ஆனால் காட்டுவாசல், விஸ்கான்சினில் சிடபிள்யூடி நோய் (மானின் மூளையை அரித்துக் கொல்லும் தொற்றுநோய்) 2002-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே உங்கள் தெற்குப் பக்கம்தான். நோய் பரவிய மாவட்டங்களில் தீனி போடத் தடை. அதனால் தீனி வைத்து எண்ணும் வேலை உங்களுக்கு ஒத்துவராது.

இரண்டாவது கேள்விக்குக் கேமரா அரைகுறைப் பதில்தான் தரும். ஒரு முதிர்ந்த கிடா சுற்றும் பரப்பு தோராயமாக ஒரு சதுர மைல் என்பார்கள். அது 640 ஏக்கர். உங்கள் இடம் அதில் எட்டில் ஒரு பங்கு. கேமரா பார்ப்பதோ தன் முன்னால் இருக்கும் இருபது, இருபத்தைந்து கெஜத்தை. படம் விழவில்லை என்றால் அந்த இருபது கெஜத்தில் மான் வரவில்லை, அவ்வளவுதான். முப்பதாவது கெஜத்தில் தினமும் போய்க்கொண்டிருக்கலாம்.

கோடைப் படத்தை நம்பி யாரும் பரண் கட்டாதீர்கள். ஆகஸ்டில் கிடாக்கள் கூட்டமாக, கொம்பில் மென்தோல் மூடி, சோயா வயலில் பகலிலேயே நிற்கும். செப்டம்பர் தொடக்கத்தில் மென்தோல் உரிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். சில கிடாக்கள் ஒரு மைல் தள்ளி வேறு இடத்துக்கே போய்விடும். எங்கிருந்தோ வேறு கிடாக்கள் உங்கள் இடத்துக்கு வந்து சேரும். வெள்ளை ஓக் கொட்டை விழ ஆரம்பித்தால் வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. சிவப்பு ஓக் கொட்டை கசப்பு அதிகம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். சரிவில் எது வெள்ளை ஓக், எது சிவப்பு ஓக் என்று இப்போதே இலையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். வெள்ளையின் இலை மடல் வட்டமாக முடியும், சிவப்பின் இலை மடல் முள் மாதிரி கூராக முடியும். என்னைக் கேட்டால் இந்தக் குறிப்பு நாலு கேமராவுக்குச் சமம்.

எண்கணக்கு | ஜூலை 14

மீனாட்சி சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. வில்லாளி ஐயா சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கதைக்குப் பதில்தான் செல்லுலார் கேமரா. ஒரு தடவை மாட்டினால் பருவம் முடியும்வரை பக்கத்தில் போகவே வேண்டாம். வாசனையும் இல்லை, சத்தமும் இல்லை.

அரிசோனா வெயில் | ஜூலை 15

இங்கேதான் நான் குறுக்கிட வேண்டும். அந்த "போகவே வேண்டாம்" என்பதுதான் எங்கள் ஊரில் பிரச்சினையானது.

உங்களுக்கு ஓடை, குட்டை, பனி என்று எங்கே திரும்பினாலும் தண்ணீர். எங்கள் வறண்ட நிலத்தில் மைல் கணக்கில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். கழுதைமான், கூஸ் வெண்வால் என்ற எங்கள் பக்கத்து இரண்டு மான் வகையும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஒரு தொட்டியைச் சுற்றி ஒரு டஜனுக்கு மேல் கேமரா எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொருவரும் கார்டு மாற்ற ஒரு நாள். மிருகம் எப்போது தண்ணீர் குடிக்கும்?

அரிசோனா வேட்டை மீன்பிடி ஆணையம் 2021 ஜூனில் 5-0 என்று ஒருமனதாக வாக்களித்தது. 2022 ஜனவரி 1-லிருந்து வேட்டைக்காகவோ வேட்டைக்கு உதவியாகவோ டிரெயில் கேமரா வைக்கக் கூடாது. நெவாடாவில் பொதுநிலத்தில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை தடை. படம் அனுப்பும் வகை என்றால் ஜூலை 1-லிருந்தே. யூட்டாவிலும் 2022-இல் ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை தடை கொண்டுவந்தார்கள். கிழக்கே இருப்பவர்கள் "அது மேற்கத்திக்காரர்கள் தொல்லை" என்று நினைக்க வேண்டாம். கன்சாஸ் 2023-இல் தன் துறைக்குச் சொந்தமான பொதுநிலங்களில் நிறுத்திவிட்டது.

தடை வந்தபோது எனக்கும் கோபம்தான். ஒன்பது கேமராவைக் கழற்றிக் கொட்டகையில் போட்டேன். முதல் வருடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. இப்போது விடிவதற்கு முன் ஒரு பாறை மேல் ஏறி, முக்காலியில் பைனாகுலரை வைத்து, எதிர் மலைச்சரிவை மூன்று மணி நேரம் பார்க்கிறேன். ஒரு மான் காதை ஆட்டுவதைக் கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம் ஆகும். கொட்டகைக் கேமராக்களை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.

எண்கணக்கு | ஜூலை 15

பாலைவனத் தண்ணீர்த் தொட்டியையும் ஒஹாயோக் காட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இங்கே ஒரு கேமராவில் ஒரு மான் விழுந்தால், நான் காரை எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் அது மூன்று வயல் தாண்டியிருக்கும்.

பழைய வில்லாளி | ஜூலை 15

எண்கணக்கு, நீங்கள் வீட்டிலிருந்து போனால் அப்படி. பரணில் உட்கார்ந்தபடியே, இருநூறு கெஜம் தள்ளி இருக்கும் கேமரா "இப்போது உன் பக்கம் ஒன்று வருகிறது" என்று சொன்னால்? அதற்கு என்ன பெயர்?

மீனாட்சி வனம் | ஜூலை 15

அதற்குத்தான் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் கோடு போட்டிருக்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய அமைப்பு, பெரிய கொம்புகளுக்கான சாதனைப் பதிவை வைத்திருப்பவர்கள். மிருகம் இருக்கும் இடத்தை அந்த நொடியிலேயே சொல்லி, அதை வைத்து வேட்டைக்காரர் உடனே நகரும்படி செய்கிற எந்தக் கருவியையும் அவர்கள் நேர்மையான வேட்டையாக ஏற்பதில்லை. அப்படி அடித்த மான் பதிவேட்டில் ஏறாது. நேற்றைய படத்தை இன்று பார்த்துத் திட்டம் போடுவது வேறு கணக்கு. என் கோடும் கிட்டத்தட்ட அங்கேதான். பரணில் ஏறும்போது அந்தச் செயலியை அணைத்துவிடுவேன்.

ஒரு பழைய கதையும் நினைவுக்கு வருகிறது. இந்தத் தானியங்கிப் படத்தின் தாத்தாவே ஒரு மான் வேட்டைக்காரர். ஜார்ஜ் ஷிராஸ் என்று பென்சில்வேனியாக்காரர், கொஞ்ச காலம் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். மிச்சிகனில் ஏரிக்கரையில் கயிறு கட்டி, மிருகம் தட்டினால் ஃபிளாஷ் வெடிக்கும்படி வைத்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாகிராபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அவர் பின்னாளில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் திரிந்தார். எண்கணக்கு அண்ணா ஜாக்கிரதை!

காட்டுவாசல் | ஆகஸ்ட் 9

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மூன்று சனிக்கிழமை நடந்தேன். சரிவின் கிழக்கு முனையில் ஐந்து வெள்ளை ஓக் சேர்ந்து நிற்கின்றன, அங்கே போன வருடத்துக் கொட்டை ஓடு தரை முழுக்கக் கிடக்கிறது. படுத்த பள்ளம் இரண்டு பார்த்தேன். வில்லாளி ஐயா சொன்னபடி ஒன்றில் குந்திப் பார்த்தேன், நான் கார் நிறுத்தும் இடம் பளிச்சென்று தெரிந்தது!

இரண்டு கேமரா மட்டும் வாங்கினேன், எஸ்டி கார்டு வகை. ஒன்று வயல் ஓரத்தில், ஒன்று ஓடைக்கு இறங்கும் பள்ளத்தில். எப்படி வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எண்கணக்கு | ஆகஸ்ட் 9

வயல் ஓரத்தில் நேர இடைவெளிப் படமாகப் போடுங்கள், காலையும் மாலையும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. மான் உணரிக்கு எட்டாத தூரத்தில் வந்தாலும் படத்தில் விழும். பள்ளத்தில் வீடியோ, 15 விநாடி. புகைப்படத்தில் மான் இருந்தது தெரியும், வீடியோவில்தான் எங்கே போகிறது என்று தெரியும். லித்தியம் ஏஏ பேட்டரி போடுங்கள். அல்கலைன் குளிர் வந்ததும் படுத்துவிடும். இருட்டில் எரியும் ஒளி 940 நானோமீட்டர் என்றால் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டுவது குறைவு, படமும் கொஞ்சம் மணல் மணலாக இருக்கும். 850 என்றால் தெளிவாக இருக்கும், மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும். பொதுநிலத்தில் திருடனுக்கும் தெரியும்.

மீனாட்சி வனம் | ஆகஸ்ட் 9

ஏழெட்டு அடி உயரத்தில், கீழே சாய்த்து. மானின் முகத்துக்கு நேராக வேண்டாம். என் வீடியோக்களில் சில மான்கள் நின்று நேராக லென்ஸையே பார்க்கின்றன. ஒளி மாறும்போது உள்ளே வரும் 'டிக்' சத்தமாக இருக்கலாம், என் கை வாசனையாகவும் இருக்கலாம். உயரத்தில் வைத்த பிறகு குறைந்துவிட்டது. பொதுநிலத்தில் வைப்பதானால் உங்கள் மாநிலத்தில் கேமராவில் பெயர் முகவரியோ இயற்கைவளத் துறை வாடிக்கையாளர் எண்ணோ இருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

பழைய வில்லாளி | ஆகஸ்ட் 10

கார்டு எடுக்க மழைக்குக் கொஞ்சம் முன்னால் நடுப்பகலில் போங்கள். ரப்பர் பூட்ஸ். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

காட்டுவாசல் | அக்டோபர் 6

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

நேற்று பள்ளத்துக் கேமராவின் கார்டை எடுத்தேன். செப்டம்பர் 14 மாலை 5:52-க்கு நான் நடந்து போகிறேன், வில் தோளில். அடுத்த வீடியோ 6:03. ஆறு கிளைக் கொம்போடு ஒரு கிடா, நல்ல வெளிச்சம். நான் வந்த பாதையைக் குறுக்கே கடக்கப் போகிறது, முன்கால் தூக்கியபடியே நின்றுவிட்டது. தலையைத் தாழ்த்தி என் பூட்ஸ் பட்ட இலையை முகர்கிறது. ஒரே ஓர் இலை. மூக்கை எடுக்கவே இல்லை, கிட்டத்தட்ட ஆறு விநாடி. வாலை ஒரு தடவை ஆட்டியது. அப்புறம் ஓடவில்லை, சீறவில்லை. தூக்கிய காலை எங்கே வைத்திருந்ததோ அங்கேயே வைத்து, வந்த வழியே திரும்பி நடந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் நூறு கெஜம் தள்ளிப் பரணில் உட்கார்ந்து, "இன்றைக்கு ஒரு மான்கூட அசையவில்லை" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ரப்பர் பூட்ஸ்தான் போட்டிருந்தேன் ஐயா. ஆனால் அதே பூட்ஸோடுதான் பெட்ரோல் போட்டேன்.

பழைய வில்லாளி | அக்டோபர் 6

இந்த வீடியோவை நான் எட்டுத் தடவை பார்த்தேன். முப்பது வருடமாக இது நடக்கிறது என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. கேமராவைப் பற்றி நான் பேசியதில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

அந்த வழியை மாற்றுங்கள் தம்பி. மாலையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், உங்கள் வாசனை முழுக்க அங்கேதான் போய்த் தேங்கும். ஓடைத் தண்ணீரிலேயே நடந்து கிழக்கு முனைக்கு ஏறுங்கள்.

ராத்திரிப்பூச்சி | அக்டோபர் 7

பெரணி ரசிகனாகிய நான் இந்தக் கிடாவுக்கு என் ஓட்டைப் போடுகிறேன்.

காட்டுவாசல் | நவம்பர் 12

திட்டு வாங்க வந்திருக்கிறேன். நவம்பர் முதல் வாரம் பெட்டைகள் பள்ளத்தில் காலை 7:35, 7:42, 7:38 என்று வரிசையாக விழுந்தன. சரி, 6:45-க்குப் போய் ஏறினால் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று கிளம்பினேன். பாதி வழியில் நாலு வெள்ளை வால் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடியது. முதல் ஞாயிறு கோடைக்கால நேரம் முடிந்து நாமெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினோம். கேமராவுக்கு யாரும் சொல்லவில்லை. அது 7:40 என்றது உண்மையில் 6:40.

எண்கணக்கு | நவம்பர் 12

அதனால்தான் நான் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் விட்டுவிட்டு விரிதாளில் கழித்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல மறந்தது என் தப்பு.

காட்டுவாசல் | டிசம்பர் 4

துப்பாக்கிப் பருவத்தின் நாலாவது நாள், செவ்வாய், மாலை 3:50. ஒரு முதிர்ந்த பெட்டை. ஐந்து வெள்ளை ஓக் நிற்கும் கிழக்கு முனையில், தரையில், ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஓடை வழியாகத்தான் ஏறினேன். நாற்பது கெஜத்தில் இலைக்கு அடியில் மூக்கை நுழைத்துக் கொட்டை தேடிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் கேமரா வைக்கவில்லை. ஆனால் வயல் ஓரக் கேமராவில் அக்டோபர் முழுக்கப் பகலில் ஒரே ஒரு மான்தான் விழுந்திருந்தது. அதைப் பார்த்திருக்காவிட்டால் போன வருடம் மாதிரி வயலைப் பார்த்தே ஒன்பது நாளையும் கழித்திருப்பேன். தலையை இயற்கைவளத் துறையின் சிடபிள்யூடி பரிசோதனைப் பெட்டியில் கொடுத்துவிட்டேன், முடிவு வரும்வரை இறைச்சி உறைபெட்டியில்.

கேமரா இரண்டையும் கழற்றவா, விடவா?

மீனாட்சி வனம் | டிசம்பர் 4

வாழ்த்துகள்! விட்டுவிடுங்கள். எந்தெந்தக் கிடா பருவத்தைத் தாண்டியது என்று ஜனவரியில்தான் தெரியும். கொம்பு உதிர்ந்த பிறகு எல்லாம் பெட்டை மாதிரியே இருக்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பழைய வில்லாளி | டிசம்பர் 5

நல்ல வேலை தம்பி. பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். மார்ச்சில் பனி உருகியதும், அந்த ஆறு கிளைக்காரன் இலையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனானே, அந்தப் பக்கமே நடந்து பார்க்க வேண்டும். நானும் வருகிறேன். இங்கிருந்து ஏழு மணி நேர ஓட்டம்தான்.

காட்டுவாசல் | டிசம்பர் 5

வாங்க ஐயா. வழியில் பெட்ரோல் போடும்போது மட்டும் வேறு செருப்பு.